கை கழுவினார், கைவிடவில்லை



ஒருவர் தம் பொறுப்பிலிருந்து நழுவிக்கொண்டால், அவர் கை கழுவி விட்டார் என்று நம் ஊர்களில் சொல்வோம். வயதான பெற்றோரைக் கவனிக்காத மகனைப் பற்றியும் அப்படிச் சொல்கிறோம். வாக்குக் கொடுத்துவிட்டு மறந்துபோன பெரிய மனிதரைப் பற்றியும் அப்படியே சொல்கிறோம். தவக்காலத்தில் சிலுவைப்பாதையின் முதல் நிலையில் முழந்தாளிடும்போது, பிலாத்துவின் கைகளில் ஒருவன் தண்ணீர் ஊற்றும் காட்சியைப் பல ஆலயங்களில் பார்க்கிறோம். குற்றமற்ற இயேசுவைச் சாவுக்குக் கையளித்துவிட்டு, அந்த இரத்தத்தில் தனக்குப் பங்கில்லை என்று காட்டுவதற்காக அவன் கைகளைக் கழுவினான்.

இதே கை கழுவுதலை முற்றிலும் எதிரான பொருளில் செய்த ஒரு மனிதரை இன்று நாம் நினைவுகூர்வோம். தம் கைகளில் பழி இல்லை என்று காட்டுவதற்காக அவர் கழுவவில்லை. பழி இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டதால் கழுவினார். அவர் பெயர் மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ். தாய்மாரின் மீட்பர் என்று மருத்துவ உலகம் இன்று அவரைப் போற்றுகிறது. ஆனால் அவர் வாழ்ந்த காலத்தில் அவருக்குக் கிடைத்தது ஏளனமும் தனிமையும்தான்.

மளிகைக் கடைக்காரரின் மகன்

இக்னாஸ் 1818ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், ஹங்கேரி நாட்டின் புடா நகரில் பிறந்தார். புடா, பெஸ்ட் என்று ஆற்றின் இரு கரைகளிலும் அன்று தனித்தனியே இருந்த ஊர்கள்தாம் இன்று புடாபெஸ்ட் என்னும் ஒரே தலைநகரம். தந்தை யோசேப்பு வசதியான மளிகை வணிகர். தாய் தெரேசா. அந்தக் கத்தோலிக்கக் குடும்பத்தின் பத்துப் பிள்ளைகளில் இக்னாஸ் ஐந்தாமவர்.

1837இல் சட்டம் படிப்பதற்காக அவர் வியன்னா நகருக்குச் சென்றார். அடுத்த ஆண்டே சட்டத்தை விட்டு மருத்துவத்திற்கு மாறினார். 1844இல் மருத்துவப் பட்டம் பெற்றார். தாம் விரும்பிய பொது மருத்துவத் துறையில் இடம் கிடைக்காததால் பிரசவ மருத்துவத்தைத் தேர்ந்துகொண்டார். 1846 ஜூலை முதல் நாள், தம் 28ஆவது பிறந்த நாளில், வியன்னா பொது மருத்துவமனையின் முதலாம் பிரசவப் பிரிவில் பேராசிரியர் கிளைன் என்பவருக்கு உதவி மருத்துவராகப் பொறுப்பேற்றார். அவருக்குக் கிடைக்காமல் போன வேலையும் கிடைத்த வேலையும் எத்தனை உயிர்களைக் காக்கப்போகின்றன என்பதை அன்று யாரும் அறிந்திருக்கவில்லை.

ஒரே கூரையின் கீழ் இரண்டு பிரிவுகள்

அந்த மருத்துவமனையில் ஏழைப் பெண்களுக்கும் கணவன் இல்லாத பெண்களுக்கும் இலவசமாகப் பிரசவம் பார்த்தார்கள். அதற்குக் கைம்மாறாக, மாணவர்கள் அவர்களைப் பரிசோதித்துப் பாடம் கற்றார்கள். பிரசவப் பிரிவுகள் இரண்டு இருந்தன. முதலாம் பிரிவில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள். இரண்டாம் பிரிவில் பிரசவம் பார்க்கும் தாதியர் பயின்றார்கள். ஒரு நாள் வருகிற பெண்களை முதலாம் பிரிவில் சேர்த்தால், மறுநாள் வருகிறவர்களை இரண்டாம் பிரிவில் சேர்ப்பார்கள். எந்தப் பிரிவு என்பதைத் தீர்மானித்தது வலி வந்த நாள் மட்டுமே.

குழந்தை பெற்ற சில நாள்களுக்குள் தாய்க்குக் கடுங்காய்ச்சல் காணும். வயிறு வீங்கி, வலி தாங்காமல், நினைவு தப்பி இறந்துபோவார். பிறந்த குழந்தையும் பலமுறை தாயோடு சேர்ந்தே போகும். இதுவே அக்காலத்தின் கொடிய பிரசவக் காய்ச்சல். 1846ஆம் ஆண்டின் கணக்கைப் பாருங்கள். முதலாம் பிரிவில் 4,010 பிரசவங்கள் நடந்தன. 459 தாய்மார் இறந்தார்கள். இரண்டாம் பிரிவில் 3,754 பிரசவங்கள் நடந்தன. 105 பேர் இறந்தார்கள். அதாவது நூற்றுக்கு 11 பேர் ஓரிடத்தில், 3 பேருக்கும் குறைவாக மற்றோர் இடத்தில். கட்டடம் ஒன்று, உணவு ஒன்று, ஊரும் ஒன்று. சாவு மட்டும் நான்கு மடங்கு.

அறிஞர்களுக்குப் புரியாத இந்த வேறுபாடு வியன்னா நகரத்து ஏழைப் பெண்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. முதலாம் பிரிவுக்கு அனுப்பப்பட்ட பெண்கள் முழந்தாளிட்டு, கைகூப்பி, தங்களை அங்கே சேர்க்க வேண்டாம் என்று அழுது மன்றாடினார்கள். சிலர் வழியிலேயே குழந்தை பிறந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். அப்படித் தெருவில் பெற்றவர்களுக்குக் கூட இந்தக் காய்ச்சல் அவ்வளவாக வரவில்லை! மருத்துவமனைக்குள் மருத்துவர் கையால் பெற்றவர்கள் இறந்தார்கள். தெருவில் தனியே பெற்றவர்கள் பிழைத்தார்கள். இந்த உண்மை இக்னாசைத் தூங்கவிடவில்லை.

மணியோசையும் ஒரு மருத்துவரின் மனச்சான்றும்

அக்காலத்தில் பெரிய மருத்துவர்கள் பலர் இந்தக் காய்ச்சலுக்குக் காற்றையும் வானிலையையும் காரணமாகச் சொன்னார்கள். நகரம் முழுவதும் பரவும் ஏதோ ஒரு நச்சுக் காற்று என்றார்கள். அப்படியானால் அந்தக் காற்று ஒரு பிரிவுக்குள் மட்டும் நுழைந்து, அடுத்த பிரிவின் வாசலில் நின்றுவிடுமா என்று இக்னாஸ் கேட்டார். நெரிசல்தான் காரணம் என்றார்கள். ஆனால் பெண்கள் முதலாம் பிரிவுக்கு அஞ்சியதால் இரண்டாம் பிரிவில்தான் நெரிசல் அதிகம் இருந்தது. தாதியர் பெண்களைப் பக்கவாட்டில் படுக்கவைத்துப் பிரசவம் பார்ப்பதைக் கண்டு, தம் பிரிவிலும் அப்படியே செய்யச் சொன்னார். சாவு குறையவில்லை.

இவற்றுள் ஒன்று கத்தோலிக்கரான நம் மனதை ஆழமாகத் தொடுகிறது. சாகும் தறுவாயில் உள்ளவர்களுக்கு அருள்பணியாளர் நற்கருணையும் பூசுதலும் கொண்டு வருவார். அன்றைய வழக்கப்படி அவருக்கு முன்னே ஒருவர் சிறுமணி ஒலித்துக்கொண்டு செல்வார். முதலாம் பிரிவில் நோயாளிகளின் அறை கடைசியில் இருந்ததால், அருள்பணியாளர் ஐந்து அறைகளைக் கடந்து போக வேண்டியிருந்தது. இரண்டாம் பிரிவில் நேராகவே நோயாளிகளின் அறைக்குள் சென்றுவிடலாம். ஒவ்வொரு முறை மணி ஒலிக்கும்போதும், நலமாகப் படுத்திருக்கும் தாய்மார் அடுத்தது நானோ என்று நடுங்கினார்கள். அந்த அச்சமே காய்ச்சலை வரவழைக்கிறது என்றார்கள் சிலர். இக்னாஸ் அருள்பணியாளரிடம் சென்று, மணி ஒலிக்காமல், வேறு வழியாகச் சுற்றி, அமைதியாக வரும்படி வேண்டிக்கொண்டார். அருள்பணியாளரும் இசைந்தார். திருவருள்சாதனம் நிற்கவில்லை, மணி மட்டுமே நின்றது. ஆனால் சாவு குறையவில்லை.

அந்த மணியோசை கேட்கும்போதெல்லாம் தம் உள்ளமும் கலங்கியதாக இக்னாஸ் பிற்காலத்தில் எழுதினார். தெரியாத காரணத்தால் இன்னும் ஒரு தாய் போகிறார் என்பதே அவருக்கு அந்த ஓசையின் பொருளாக இருந்தது. நம்மைச் சுற்றி எத்தனையோ மணிகள் ஒலிக்கின்றன. அடுத்த வீட்டில் சாவு மணி ஒலித்தால், ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போகிறோம். அவர் அப்படிப் போகவில்லை. ஏன் என்று கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார்.

நண்பனின் சாவு திறந்த கதவு

1847 மார்ச் மாதம் இக்னாஸ் சில நண்பர்களோடு வெனிஸ் நகருக்குப் பயணம் சென்றார். மனம் சற்று ஆறி வியன்னாவுக்குத் திரும்பியவருக்கு ஒரு துயரச் செய்தி காத்திருந்தது. அவர் மிகவும் மதித்த பேராசிரியர் கொல்லெட்ஷ்கா இறந்துவிட்டார். பிணவறையில் பிரேதப் பரிசோதனை நடக்கும்போது, ஒரு மாணவரின் கத்தி தவறுதலாக அவர் விரலில் பட்டது. சிறிய காயம்தான். ஆனால் அதுவே நஞ்சாகிச் சில நாள்களில் அவர் உயிரைக் குடித்தது.

இக்னாஸ் அவருடைய பிரேதப் பரிசோதனை அறிக்கையைப் படித்தார். படித்தவர் அதிர்ந்துபோனார். தாம் நூற்றுக்கணக்கான தாய்மாரின் உடலில் கண்ட அதே அழற்சி, அதே சீழ், அதே சிதைவு. பேராசிரியர் ஆண், பிரசவத்திற்கும் அவருக்கும் தொடர்பே இல்லை. ஆனால் நோய் ஒன்றே. அப்படியானால் பேராசிரியரின் இரத்தத்தில் கத்தி கொண்டுசேர்த்த அதே பொருளைத் தாய்மாரின் உடலில் கொண்டுசேர்த்தது எது?

விடை அவர் கண்முன்னேயே இருந்தது. மருத்துவர்களும் மாணவர்களும் காலையில் பிணவறையில் உடல்களை அறுத்துப் பாடம் கற்றார்கள். பின்னர் சோப்பு நீரில் கைகளை மேலோட்டமாகக் கழுவிவிட்டு, நேராகப் பிரசவப் பிரிவுக்கு வந்து தாய்மாரைப் பரிசோதித்தார்கள். பிண வாடை அவர்கள் கைகளில் நாள் முழுவதும் இருந்தது. இரண்டாம் பிரிவின் தாதியர் பிணவறைக்குப் போவதே இல்லை. சாவைக் கொண்டு வந்தவை காற்றும் அல்ல, மணியோசையும் அல்ல. குணமாக்க நீட்டப்பட்ட கைகளே கொண்டு வந்தன.

இந்த உண்மைக்குள் இன்னொரு கொடிய உண்மையும் இருந்தது. இக்னாஸ் சோம்பேறி அல்லர். காய்ச்சலின் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற ஆவலில், மற்றவர்களைவிட அதிகமாகப் பிணவறையில் உழைத்தவர் அவர். 1846 அக்டோபர் முதல் சில மாதங்கள் அவருக்குப் பதிலாக பிரைட் என்னும் மருத்துவர் அந்தப் பொறுப்பில் இருந்தார். அவர் பிணவறைக்கு அதிகம் போனதில்லை. 1847 ஜனவரியில் 10 பேரும், பிப்ரவரியில் 6 பேரும், மார்ச்சில் 11 பேருமே இறந்தார்கள். மார்ச் 20 அன்று இக்னாஸ் மீண்டும் பொறுப்பேற்றார். ஏப்ரலில் 57 தாய்மார் இறந்தார்கள்! அவருடைய கடமையுணர்வே, அவர் அறியாமல், சாவாக மாறியிருந்தது.

இந்த இடத்தில் நம்மில் பலர் என்ன செய்திருப்போம்? கணக்கேட்டை மூடிவைத்திருப்போம். தற்செயல் என்று சொல்லியிருப்போம். அறியாமல் செய்ததற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன் என்று பிலாத்துவைப் போலத் தண்ணீர் கேட்டிருப்போம். இக்னாஸ் அப்படிச் செய்யவில்லை. தம்மால் காலத்திற்கு முன்பே கல்லறைக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்பது கடவுள் ஒருவருக்கே தெரியும் என்று அவர் வெளிப்படையாக எழுதினார். இது ஓர் அறிவியல் நூலில் இடம்பெற்ற பாவ அறிக்கை என்றே நாம் சொல்லலாம்.

வாசலில் ஒரு பாத்திரம்

1847ஆம் ஆண்டு மே மாத நடுவில் இக்னாஸ் ஒரு விதியை ஏற்படுத்தினார். பிரசவ அறைக்குள் நுழைகிற ஒவ்வொருவரும், பேராசிரியரானாலும் மாணவரானாலும், வாசலில் வைக்கப்பட்ட குளோரின் கரைசலில் கைகளைக் கழுவ வேண்டும். சோப்பு போக்காத பிண வாடையை இந்தக் கரைசல் போக்கியதால், வாடைக்குக் காரணமான பொருளையும் அது அழிக்கும் என்று அவர் எண்ணினார். சில காலத்துக்குப் பின் செலவு குறைவு என்பதால், நாம் பிளீச்சிங் பவுடர் என்று சொல்லும் குளோரின் கலந்த சுண்ணாம்புத் தூளையே பயன்படுத்தினார். இது நம் ஊர்களில் கிணற்றுக்கும் சாக்கடைக்கும் போடப்படுகிற அதே பொருள்தான். விலையுயர்ந்த மருந்தும் இல்லை, கருவியும் இல்லை.

ஏப்ரலில் 57 பேர் இறந்த அதே பிரிவில் ஜூன் மாதம் 6 பேர் இறந்தார்கள். ஜூலையில் 3 பேர். ஆகஸ்டில் 5 பேர். அடுத்த ஆண்டாகிய 1848இல் முதலாம் பிரிவில் 3,556 பிரசவங்கள் நடந்தன. இறந்தவர்கள் 45 பேர் மட்டுமே. அவ்வாண்டு மார்ச் மாதத்திலும் ஆகஸ்டு மாதத்திலும் ஒரு தாய்கூட இறக்கவில்லை. பெண்கள் நுழைய அஞ்சிய அந்த அறை, இரண்டாம் பிரிவைப் போலவே பாதுகாப்பான அறையாக மாறியது.

இதோடு அவர் நின்றுவிடவில்லை. 1847 அக்டோபரில் கருப்பையில் சீழ் வடியும் புற்றுநோயோடு ஒரு பெண் சேர்க்கப்பட்டார். அவர் முதல் கட்டிலில் இருந்ததால் அவரிலிருந்தே பரிசோதனை தொடங்கியது. உள்ளே நுழையும்போது குளோரினில் கழுவிய மருத்துவர்கள், அந்தப் பெண்ணைத் தொட்ட பின் சோப்பில் மட்டும் கழுவிவிட்டு அடுத்தவர்களைத் தொட்டார்கள். அந்த வரிசையில் குழந்தை பெற்ற பன்னிருவரில் பதினொருவர் இறந்தார்கள். இக்னாஸ் தம் விதியிலேயே குறை இருப்பதை உணர்ந்தார். பிணத்திலிருந்து மட்டுமல்ல, உயிரோடு இருக்கும் நோயாளியின் புண்ணிலிருந்தும் இது பரவும் என்று கண்டார். எனவே ஒவ்வொரு நோயாளியைத் தொட்ட பிறகும் குளோரினில் கழுவ வேண்டும் என்று விதியைத் திருத்தினார். சீழ்ப்புண் உள்ளவர்களைத் தனி அறையில் வைக்கவும் ஏற்பாடு செய்தார். தவறு கண்டபோது தம் விதியையே திருத்தத் தயங்காத இந்தப் பணிவும் நம் கவனத்திற்கு உரியது.

ஏன் ஏற்க மறுத்தார்கள்?

இவ்வளவு தெளிவான பலன் கண்ட பிறகும் பேராசிரியர்கள் பலர் இதை ஏற்கவில்லை. ஹெப்ரா, ஸ்கோடா, ரோகிடான்ஸ்கி போன்ற வியன்னாவின் சிறந்த மருத்துவர்கள் அவருக்குத் துணை நின்றார்கள். ஆனால் தலைமைப் பேராசிரியர் கிளைன் அவரை விரும்பவில்லை. 1849 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்தபோது அதை நீட்டித்துக் கொடுக்கவில்லை.

கிருமி என்ற ஒன்று நோயை உண்டாக்குகிறது என்பது அன்று நிறுவப்படவில்லை. ஆகவே அவருடைய விளக்கம் பலருக்கு நம்பும்படியாக இல்லை. இது ஒரு காரணம். ஆனால் மற்றொரு காரணமும் இருந்தது. அந்த விதியை ஏற்பது என்றால், இதுநாள்வரை இறந்த தாய்மாரை என் கைகளே கொன்றன என்று ஏற்பதாகும். கைகளைக் கழுவுவது எளிது. ஏன் கழுவுகிறேன் என்பதை ஒப்புக்கொள்வது கடினம். செருமனியின் கீல் நகரத்துப் பேராசிரியர் மிக்கயேலிஸ் இந்த உண்மையை நேர்மையோடு ஏற்றவர். தாம் பிரசவம் பார்த்த தம் நெருங்கிய உறவுப்பெண் இதே காய்ச்சலில் இறந்தது தம் கையால்தான் என்று உணர்ந்த அவர், அந்தக் குற்றவுணர்வைத் தாங்க முடியாமல் 1848இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இந்த நிகழ்ச்சி நம்மைச் சிந்திக்க வைக்கிறது. தவற்றை மறுப்பவர்கள் ஒரு பக்கம். தவற்றின் சுமையால் நொறுங்கிப்போனவர் மறுபக்கம். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. பேதுரு அழுதார், ஆனால் எழுந்து ஆடுகளை மேய்க்கச் சென்றார். ஒப்புரவு அருள்சாதனத்தில் திருஅவை நமக்குக் கற்றுத்தருவதும் இதுவே. என் குற்றம் என்று சொல்வது முடிவல்ல. இனிச் செய்யமாட்டேன் என்னும் உறுதியும் அதற்கான பரிகாரமும் சேர்ந்ததே மனமாற்றம். இக்னாஸ் செய்த பரிகாரம் வாசலில் இருந்த அந்தக் குளோரின் பாத்திரம்.

அவரிடமும் குறைகள் இருந்தன

அவர் புனிதர் பட்டம் பெற்றவர் அல்லர். குறையே இல்லாதவர் என்று நாம் சொல்லவும் வேண்டியதில்லை. தம் கண்டுபிடிப்பை அவர் உடனே எழுதி வெளியிடவில்லை. நண்பர்களே முதலில் எழுதினார்கள். அவர் எழுதியதும் அரைகுறையாகப் புரிந்துகொள்ளப்பட்டு, தவறாகவே பரவியது. 1850இல் அவருக்குக் கிடைத்த ஆசிரியப் பணி பல கட்டுப்பாடுகளோடு இருந்தது. மனம் புண்பட்ட அவர், தமக்காகப் போராடிய நண்பர்களிடம்கூடச் சொல்லாமல் சில நாள்களில் வியன்னாவை விட்டு ஹங்கேரிக்குப் போய்விட்டார்.

பெஸ்ட் நகரில் தூய ரோக்கு மருத்துவமனையில் 1851இல் ஊதியம் இல்லாத பொறுப்பை ஏற்றார். தூய ரோக்கு கொள்ளைநோய்க்காரர்களின் பாதுகாவலர் என்பதை நாம் அறிவோம். அந்தப் பெயர் தாங்கிய மருத்துவமனையில் ஏறத்தாழ ஆறு ஆண்டுகளில் 933 பிரசவங்கள் நடந்தன; பிரசவக் காய்ச்சலால் இறந்தவர்கள் 8 பேர் மட்டுமே. 1855இல் பெஸ்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அங்கே அழுக்குப் படுக்கை விரிப்புகளாலும் நோய் பரவுவதைக் கண்டு, சுத்தமான துணிக்காக நிர்வாகத்தோடு போராடினார். 1857இல் மரியா என்னும் பெண்ணை மணந்தார். ஐந்து குழந்தைகள் பிறந்தன. இருவர் சிறு வயதிலேயே இறந்தனர்.

1861இல் தம் ஆய்வு முழுவதையும் பெரிய நூலாக வெளியிட்டார். அதையும் பலர் ஏளனம் செய்தார்கள். அதற்குப் பின் அவர் எழுதிய திறந்த மடல்கள் நெருப்பாக இருந்தன. தம்மை எதிர்த்த பேராசிரியர்களைப் பெயர் சொல்லிக் கொலைகாரர்கள் என்றார். அவர் சொன்னது உண்மைக்குத் தொலைவில் இல்லை. ஆனால் அந்தச் சொற்களால் ஒரு கைகூடச் சுத்தமாகவில்லை. பல உள்ளங்கள் மேலும் மூடிக்கொண்டன. உண்மையை அன்போடு பேச வேண்டும் என்று தூய பவுல் எபேசியருக்குக் கற்பித்ததை நாம் இங்கே நினைத்துப் பார்க்கலாம். அன்பில்லாத உண்மை கதவைத் தட்டுவதில்லை, உடைக்கப் பார்க்கிறது. ஆயினும் அந்தக் கோபத்தின் அடியில் இருந்தது தன்மானம் மட்டுமல்ல, ஒவ்வொரு நாளும் வீணாகச் செத்துக்கொண்டிருந்த தாய்மாரின் முகங்களும்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

அன்னையின் திருநாளில் அடக்கம்

1865ஆம் ஆண்டில் அவருடைய மனநிலை பெரிதும் பாதிக்கப்பட்டது. ஜூலை இறுதியில், புதிய மருத்துவமனை ஒன்றைப் பார்க்கலாம் என்று சொல்லி, வியன்னாவில் உள்ள மனநோயாளர் இல்லத்திற்கு அவரை அழைத்துச் சென்று சேர்த்தார்கள். சூழ்ச்சியை உணர்ந்து வெளியேற முயன்றபோது காவலர்கள் அவரைக் கடுமையாகத் தாக்கினார்கள். அந்த அடியால் ஏற்பட்டிருக்கக்கூடிய காயம் அழுகி, நஞ்சு இரத்தத்தில் கலந்தது. ஆகஸ்டு 13 அன்று, தம் 47ஆம் வயதில் இறந்தார். பேராசிரியர் கொல்லெட்ஷ்காவைக் கொன்றதும், ஆயிரக்கணக்கான தாய்மாரைக் கொன்றதும் எதுவோ, அதே வகையான நஞ்சுதான் அவரையும் கொன்றது.

1865 ஆகஸ்டு 15 அன்று அவரை அடக்கம் செய்தார்கள். மிகச் சிலரே வந்திருந்தார்கள். அது நம் அன்னை மரியாவின் விண்ணேற்புத் திருநாள். பெற்றெடுத்த தாய்மாரைச் சாவிலிருந்து காக்கப் போராடிய ஒரு மனிதரை, எல்லாத் தாய்மாருக்கும் தாயானவரின் திருநாளில் மண்ணுக்குக் கொடுத்தார்கள். உலகம் கைவிட்டாலும் அன்னை கைவிடவில்லை என்று நம் உள்ளம் எண்ணுவதில் தவறில்லை.

அவர் இறப்பதற்கு முந்தைய நாள், கிளாஸ்கோ நகரில் யோசேப்பு லிஸ்டர் என்னும் அறுவை மருத்துவர், எலும்பு முறிந்த ஒரு சிறுவனின் காயத்தில் கிருமிகொல்லியாகக் கார்பாலிக் அமிலத்தை வைத்துக் கட்டினார். அந்தச் சிறுவன் குணமடைந்தான். 1879இல் லூயி பாஸ்டர் பாரிசில் பிரசவக் காய்ச்சலுக்குக் காரணமான கிருமியை எடுத்துக்காட்டினார். செம்மல்வைஸ் சரியாகவே செய்தார் என்பது அப்போது விளங்கியது. இன்று அவர் பிறந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. அவருடைய உடலும் அந்த வீட்டிலேயே இளைப்பாறுகிறது. புடாபெஸ்டின் மருத்துவப் பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நம் கைகள்

உலக நலவாழ்வு நிறுவனம் 2009இல் மருத்துவமனைகளுக்கான கை சுத்த நெறிமுறைகளை வெளியிட்டது. நோயாளியைத் தொடும் முன், சுத்தமான சிகிச்சை செய்யும் முன், உடல் திரவங்கள் பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்ட பின் என ஐந்து நேரங்களில் கைகளைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. அதே ஆண்டு முதல் மே 5ஆம் நாள் கை சுத்த நாளாகவும் கடைப்பிடிக்கப்படுகிறது. 1847இல் வியன்னாவில் ஒரு வாசலில் வைக்கப்பட்ட பாத்திரம் இன்று உலகின் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் தோறும் இருக்கிறது. 2020இல் கொரோனா வந்தபோது நம் ஆலய வாசல்களுக்கும் அது வந்து சேர்ந்தது.

அன்பார்ந்தவர்களே, நோயாளிகளைச் சந்திப்பது நம் இரக்கச் செயல்களுள் ஒன்று. அந்த இரக்கம் நம் கைகளிலிருந்தே தொடங்கட்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் உள்ள உறவினரைப் பார்க்கப் போகும்போது செவிலியர் நம்மை நிறுத்திக் கைகழுவச் சொன்னால், அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இருமலோ காய்ச்சலோ இருந்தால் போகாமல் வீட்டிலிருந்து செபிப்பதும் அன்புதான். பிறந்த குழந்தையைக் கையில் வாங்கும் முன், நோயாளியின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரையும் முன், நற்கருணை கொண்டு செல்லும் முன், கைகளைக் கழுவிக்கொள்வோம். நல்ல உள்ளத்தோடு நீட்டப்படும் கையும் தீங்கு கொண்டுபோக முடியும் என்பதே இந்த வாழ்க்கை நமக்குச் சொல்லும் பாடம்.

இது மருத்துவமனைக்கு மட்டுமான பாடம் அல்ல. பிள்ளைகளைத் திருத்துகிறோம் என்று நாம் சொன்ன சொற்கள் அவர்களைக் காயப்படுத்தியிருக்கலாம். பங்கிலும் அன்பியத்திலும் நன்மை செய்கிறோம் என்று நாம் செய்தவை சிலரை ஆலயத்திலிருந்தே விலக்கியிருக்கலாம். அப்படி ஒருவர் வந்து நம்மிடம் சொல்லும்போது, பேராசிரியர்களைப் போல மறுக்கிறோமா, அல்லது கணக்கேட்டைத் திறந்து பார்க்கிறோமா?

ஒவ்வொரு திருப்பலியிலும், காணிக்கைகளை ஒப்புக்கொடுத்த பின் அருள்பணியாளர் தம் கைகளைக் கழுவுகிறார். தாம் தூய்மையானவர் என்று காட்டுவதற்காக அல்ல. தூய்மை தமக்குத் தேவை என்று இறைவனிடம் வேண்டிக்கொண்டே கழுவுகிறார். அடுத்த ஞாயிறு அதைப் பார்க்கும்போது நாமும் நம் கைகளை ஒருமுறை பார்த்துக்கொள்வோம். பிலாத்துவைப் போலக் கழுவப்போகிறோமா, செம்மல்வைசைப் போலக் கழுவப்போகிறோமா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.

இரக்கம் நிறைந்த இறைவா, நாங்கள் அறிந்தும் அறியாமலும் பிறருக்குச் செய்த தீங்குகளை ஏற்றுக்கொள்ளும் துணிவை எங்களுக்குத் தாரும். நோயுற்றோரைத் தொடும் மருத்துவர்கள், செவிலியர்கள், உதவியாளர்கள் அனைவரின் கைகளையும் ஆசீர்வதியும். எங்கள் கைகள் யாரையும் காயப்படுத்தாமலும் யாரையும் கைவிடாமலும் இருக்க அருள்புரியும். ஆமென்.